யாரும் மேலே விழாத ஊர்

மினி பஸ்ஸில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். ஜன்னலோரம்.

மற்ற இருக்கைகள் எல்லாம் காலி. கண்ணாடிக்கு வெளியே மூடுபனி.

பஸ்ஸில் ஏறியவள் நின்று ஒருமுறை பார்த்தாள். பிறகு நேராகப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். தலையைச் சுற்றி மப்ளர். தேயிலைக் கறை படிந்த விரல்கள். மடியில் ஆஸ்பத்திரியில் வாங்கிய மாத்திரைப் பை.

"அத்தன சீட்டு காலியா கெடக்குதே, ஏம்மா?"

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"குளிருதுக்கா" என்றாள்.

சென்னையிலிருந்து இந்த மலை ஊருக்குக் குடி வந்து நாலைந்து மாதம் ஆகிறது. வந்ததிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரின் தோள்கூட அவள்மேல் பட்டதில்லை.

அங்கே தினமும் மின்சார ரயில். தாம்பரத்திலிருந்து பீச் வரை, பெண்கள் பெட்டி. மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர். கூட வரும் ஜெசிந்தா முருங்கைக்கீரையை அவள் மடியில் போட்டுத்தான் உருவுவாள். மும்தாஜ் தோளில் சாய்ந்து தூங்குவாள், பல்லாவரம் தாண்டினால் வாய் திறந்துவிடும். யாருடைய குழந்தையோ கேட்காமலே மடிக்கு வந்து சேரும். மாம்பலத்தில் ஏறுகிற கூட்டம், நிற்கிற ஆளை அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைக்கும்.

அப்போதெல்லாம் அவளும் கத்தியிருக்கிறாள். "மேல விழாதீங்கம்மா!"

இங்கே யாரும் மேலே விழுவதில்லை.

கடைக்காரர் மீதிச் சில்லறையைத் தட்டில் வைத்து நகர்த்துகிறார். எதிர்வீட்டு டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே சிரிக்கிறார். சாலையில் எதிரே வருகிறவர் ஒதுங்கி நின்று வழி விடுகிறார்.

எல்லோரும் நல்லவர்கள்.

கணவனிடம் சொல்ல முடியாது. மகளுக்காக அவன் அலைந்து வாங்கிய மாற்றல் இது. அங்கே தூசி பட்டால் போதும், தன்ஷிகாவுக்கு மூச்சு இழுக்கும். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். இங்கே வந்த பிறகு நெபுலைசர் மிஷினை எடுக்கவே இல்லை. அலமாரியின் மேல் துணி மூடிக் கிடக்கிறது.

இன்று காலை பள்ளிக்கூடத்து மேட்டில் தன்ஷிகா ஓடியே ஏறினாள். உச்சியில் நின்று திரும்பிக் கையாட்டினாள். மூச்சு வாங்கவில்லை.

கீழே நின்று அவளும் கையாட்டினாள். கண் நிறைந்தது. சந்தோஷம்தான்.

இனி திரும்பிப் போகவே முடியாது என்பதும் அந்த நேரத்தில்தான் தெரிந்தது.

"மெட்ராஸா?" என்று கேட்டாள் ஜன்னலோரப் பெண்.

"ஆமாக்கா. எப்படித் தெரிஞ்சுது?"

"பேச்சே சொல்லுதே. கூட்டமான ஊருல்ல?"

அவள் தலையாட்டினாள்.

அந்தப் பெண் கேட்காமலே தன்னைப் பற்றிச் சொன்னாள். பேர் பூவாயி. சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலில் வந்து சேர்ந்தவள்.

"அங்க லயத்து வரிசையில ஒத்த ரூம்புதான் வீடு. ஒம்போது பேரு. ஒருத்தி திரும்பிப் படுத்தா எல்லாரும் திரும்பணும்."

சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றது.

"இப்ப ரெண்டு ரூம்பு. புள்ளைங்க திருப்பூருல. அவரும் போய்ச் சேந்துட்டாரு. சொவத்துல முதுகு ஒட்டுற மாதிரி படுத்துக்குவேன். அப்பத்தான் கண்ண மூட முடியுது."

மடியிலிருந்த மாத்திரைப் பையை எடுத்துக் காலடியில் வைத்தாள். ஜன்னல் பக்கம் இன்னும் இடம் இருந்தது. பூவாயி இந்தப் பக்கம் நகர்ந்தாள்.

தோளோடு தோள் பட்டது.

கம்பளி ஸ்வெட்டர். விறகுப்புகை வாசனை. அதற்குள்ளிருந்து மெல்ல வருகிற சூடு.

வளைவில் வண்டி திரும்பியது. இருவரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். அடுத்த வளைவில் மறுபக்கம்.

இருவருமே கம்பியைப் பிடிக்கவில்லை.

எஸ்டேட் வாசலில் வண்டி நின்றது. பூவாயி படி வரை போய்த் திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழம சந்தைக்கு வாம்மா. எல்லா எஸ்டேட்டு சனமும் அன்னிக்குத்தான் எறங்கும். கால் வைக்க எடம் இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மகளுமாக மூவரும் போனார்கள்.

சந்தை வாசலிலேயே கணவன் தயங்கினான். மகளின் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தினான்.

"உள்ள ஒரே தூசி. நாங்க இங்கயே நிக்கிறோம். நீ சட்டுனு வாங்கிட்டு வந்துடு."

அவள் மட்டும் உள்ளே போனாள்.

உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் பூண்டுக் குவியல்களுக்கும் நடுவில் ஒற்றைப் பாதை. இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள். ஒரு முழங்கை விலாவில் இடித்தது. ஈரக் கூடை ஒன்று முதுகை உரசிக்கொண்டு போனது. யாரோ காலை நன்றாக மிதித்தார்கள்.

பூவாயியைத் தேடினாள். அந்தக் கூட்டத்தில் எந்த முகமும் தனியாகத் தெரியவில்லை.

"நடுவழில நிக்காத தாயி, நகரு!"

பின்னாலிருந்து தள்ளினார்கள்.

இன்னும் கொஞ்சம் தள்ளட்டும் என்று, காலிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவள் அங்கேயே நின்றாள்.