இன்னொரு தடவை அமுத்துங்க

அந்தக் குடியிருப்பின் வாடகை வீடுகளில் புகை அலாரம் வேலை செய்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு முறை சோதித்தாக வேண்டும். அதற்காக வந்த எலக்ட்ரீஷியன் ஏணியின் மேலிருந்து கீழே பார்த்தார். குல்லாய் போட்ட இரண்டு வயதுக் குழந்தை தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது.

“சத்தம் காதைப் பொளந்துடும்மா. பாப்பாவை உள்ள தூக்கிட்டுப் போயிடுங்களேன்.”

“பரவாயில்லண்ணா, இங்கயே இருக்கட்டும்” என்றாள் தாய்.

அவர் பொத்தானை அழுத்தினார். அலாரம் அலறியது. குழந்தை தூக்கிவாரிப்போட்டு வீரிட்டது.

“அப்பவே சொன்னேனேம்மா” என்றார் சங்கடத்துடன்.

“இன்னொரு தடவை அமுத்துங்கண்ணா.”

“நல்லாத்தான் வேலை செய்யுது. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

“ஒரே ஒரு தடவை.”

நம் வேலையில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று முகம் சுண்ட மறுபடி அழுத்தினார். இம்முறை குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, சத்தம் வந்த திசையில் அண்ணாந்து பார்த்தது. தாய் அதை வாரி அணைத்துக்கொண்டு ஏணியடியிலேயே உட்கார்ந்து தேம்பினாள்.

“ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாம்மா?”

அவள் குல்லாயை விலக்கினாள். காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மெஷின் இருந்தது.

“பொறந்ததுலேருந்து இவளுக்குக் காது கேக்காதுண்ணா. ஆபரேஷன் பண்ணி, நேத்துதான் இதை மாட்டினாங்க. நாங்க கையைத் தட்டினோம், பாத்திரத்தைத் தட்டினோம், திரும்பவே இல்ல. நீங்க நல்லா இருக்கணும்ணா.”

அவர் ஏணியிலிருந்து இறங்காமல், விரலை மறுபடி பொத்தான்மேல் வைத்துக்கொண்டார்.

“பாப்பாவோட அப்பாவுக்கு வீடியோ கால் போடுங்கம்மா. அவரும் பாக்கட்டும்.”