பனிக்கட்டிக்குள் ஒரு மாம்பழம்

கடலாடி ஊர் வெயிலில் தனுஷ்கோடி சாக்கை உதறுகிறான். உமி பறக்கிறது, மண்டபம் ஊரில் அவன் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில் உறையவைத்த கட்டி, பாதி கரைந்தபடி வாசலில் உருள்கிறது. உள்ளே, விளக்கேற்றி வைத்ததுபோல் மஞ்சளாய் ஒரு மாம்பழம். அவன் அக்கா ராக்கு வாசலில் வந்து குனிந்து பார்க்கிறாள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் மகள் முத்தழகு எதையும் தின்னவில்லை, பேசவுமில்லை; கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். “உறைஞ்ச பழத்துல என்னலே சத்து இருக்கப் போகுது?” என்கிறாள் ராக்கு. “சத்து எங்கிட்டும் போகாதாம்க்கா. பிள்ளைக்கும் நல்லது, கூடவே பட்டினி கெடக்குற உனக்கும் நல்லதுன்னு நர்சம்மா சொன்னாக.”

அரிவாளைத் திருப்பி ஒரு போடு போடுகிறான். சில்லுகள் தெறிக்க, கோழி அலறிக்கொண்டு ஓடுகிறது. ராக்கு பழத்தை அரிந்து ஒரு கீற்றை மகளின் உதட்டில் வைக்கிறாள். முழங்கை வழியே குளிர்ந்த நீர் வழிகிறது. முத்தழகு கண்களை இறுக்கி மூடுகிறாள். தோள் சிலிர்க்கிறது. நறுக்கென்று பல் பதிகிற சத்தம். ராக்கு அடுத்த கீற்றை நீட்டுகிறாள். முத்தழகு அதை அம்மாவின் பக்கமே தள்ளிவிடுகிறாள்.

“இத நீ தின்னு. கொட்டை எனக்கு.”