கம்பி ஓரத்தில் ஓர் இடம்

"அம்மா, அருவி உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு!"

புது மாப்பிள்ளைக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. விடுமுறைக் கூட்டம், எள் போட்டால் எள் விழாது. காலையிலிருந்து வரிசையில் நின்று, நாலு பேர் காலை மிதித்து, நாற்பது பேரிடம் மிதி வாங்கி, மனைவியை இழுத்துக்கொண்டு மலையேறி வந்தால், இதுவரை அவன் பார்த்ததெல்லாம் அடுத்தவர்களின் பிடரிதான். அருவி நன்றாகத் தெரிகிற ஒரே இடத்தில் இந்தப் பெரியம்மா கம்பியில் சாய்ந்து, அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"தெரியும்ப்பா," என்றார் அவர், வருகிறவர்களின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வைக்கோல்போர் நாய் கதையால்ல இருக்கு," என்று மனைவியிடம் முணுமுணுத்தான்.

"சும்மா இருங்க, கேட்டுடப் போகுது."

"கூட்டமில்லாத நாளா வந்தா நிம்மதியா நிக்கலாமேம்மா?" என்று பெரியம்மாவிடம் கேட்டான்.

"கூட்டமில்லாத நாள்ல வந்து நான் யாரைப்பா பாக்கறது?"

பெரியம்மாவுக்கு மறை கழன்றுவிட்டது என்று அவன் முடிவுகட்டினான்.

"ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடறோம். கொஞ்சம் நகருங்க."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு என்ன வயசுப்பா?"

"இருபத்தேழு. ஏன்?"

பெரியம்மாவின் முகம் சட்டென்று மாறியது. "போனைக் குடு, நானே எடுக்கறேன். ரெண்டு பேரும் இங்க வந்து நில்லுங்க. குல்லாவைக் கழட்டுப்பா. பக்கவாட்டுல திரும்பு... இன்னும் கொஞ்சம்."

"நம்ம கல்யாணத்துல போட்டோ எடுத்தவர்கூட இவ்வளவு படுத்தலை," என்று மனைவி சிரித்தாள்.

திரையில் விரலை வைத்து விரித்து விரித்துப் பார்த்தவர், எடுத்து முடித்ததும் போனை நீட்டினார். கண்கள் கலங்கியிருந்தன.

படத்தைப் பார்த்தவனுக்குக் கோபம் தலைக்கேறியது. அருவியும் இல்லை, மனைவியும் இல்லை. படம் முழுக்க அவனுடைய காது மட்டும்தான்.

"என்னம்மா இது?" என்று அவன் திரும்பியபோது, பெரியம்மாவின் கணவர் இரண்டு டீயோடு கூட்டத்தில் புகுந்து வந்து சேர்ந்திருந்தார்.

"காதுக்குப் பின்னால மச்சம் இருக்கா?" என்று பெரியம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

"இல்லீங்க."

"சரி, அழாதே. அடுத்த லீவுக்கும் வருவோம். இருபத்துமூணு வருஷத்துக்கு முன்னால, அன்னிக்கும் இங்க இதே கூட்டம்தான். நீ புடிச்சிருக்கேன்னு நான் நெனச்சேன், நான் புடிச்சிருக்கேன்னு நீ நெனச்சே. நாலு வயசுப் புள்ள, நம்ம ரெண்டு பேர் கையிலயும் இல்லாம போயிட்டான்."