முழங்காலுக்கு வந்த புதுக் குழாய்

பிலோமினாவின் வலது முழங்காலில் வீக்கம் குடியேறியது. "பசிக்குது" என்று அது அழுததும், ஒரு சின்ன ரத்தக்குழாய் புதிதாக முளைத்து ஓடிவந்து ஊட்டியது. கொழுத்த வீக்கம் பக்கத்திலிருந்த குருத்தெலும்பைக் கடிக்கத் தொடங்கியது.

"முன்னெல்லாம் நானும் குருத்தெலும்பும் இவளோட பூப்பந்து ஆடுவோம்," என்று குழாயிடம் சொன்னது முழங்கால். "மழை பெய்தாலும் விடமாட்டாள். இப்போ படியேறவே அழுகிறாள்."

குழாய் திகைத்தது. "உங்களுக்கு உதவுறதா நினைச்சுத்தானே ஊட்டினேன், அண்ணே?"

"தெரியும்டா தம்பி."

பிலோமினா வைத்தியரிடம் போனாள். ஊசி வழியே வந்த மருந்து குழாயிடம், "இனி வளராதே" என்றது. குழாய் எதிர்க்காமல் சுருங்கி மறைந்தது. பட்டினியில் வீக்கமும் வடிந்தது.

ஒரு காலையில் பிலோமினா மெல்லக் குந்தி எழுந்தாள். "மடங்குதே!" என்று சிரித்தாள்.

முழங்காலும் மகிழ்ந்தது. ஆனாலும் குழாய் இருந்த இடத்தின் கதகதப்பை நினைத்துக்கொண்டு, "பாவம், நல்ல பிள்ளை," என்றது.