ஒற்றை ஆள்

பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷம், பூலோகம் அண்ணாச்சி கசாரா மலையையும் கண்டாலா மலையையும் சைக்கிளில் தன்னந்தனியாகத் தாண்டி வந்த செய்தி தாராவியைக் கலக்கியது. வாலிபர் சங்கத்தில் பாராட்டுக் கூட்டம். கழுத்தில் ரோஜா மாலை விழுந்ததும் அவருடைய மீசை தானாக முறுக்கிக்கொண்டது.

"வழியில சாப்பாட்டுக்கு என்ன செஞ்சிய அண்ணாச்சி?" என்று கேட்டார் செயலாளர் ரஹ்மத்துல்லா.

"ஹோட்டல் பக்கமே தலை வச்சுப் படுக்கலவே. ரோட்டோரம் கல்லைக் கூட்டிப் பொங்கித் தின்னாச்சு."

"பஞ்சர் ஆச்சுன்னா?"

"அங்கனயே ஒட்டியாச்சு."

"அவ்வளவு பெரிய ஏத்தத்துல?"

"தள்ளித்தான் ஏத்தணும். வேற வழி? நான் எவன் கையையும் எதிர்பார்க்கிற ஆளு இல்லவே!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ரஹ்மத்துல்லா பெண்கள் பக்கம் திரும்பி, பூலோகத்தின் மனைவி சண்முகவடிவைக் கேட்டார்:

"மதினி, அண்ணாச்சி மலையில ஒத்தையில கெடந்தப்ப, ஒங்களுக்கு வீட்டுல தூக்கம் வந்துச்சா?"

"நான் எங்க வீட்டுல இருந்தேன்? சைக்கிளைப் பின்னால இருந்து தள்ளிக்கிட்டுல்லா இருந்தேன். பொங்குனதும் நான்தான், பஞ்சர் ஒட்டுனதும் நான்தான்."

எல்லோரும் பூலோகத்தைப் பார்த்தார்கள். இவ்வளவு விவரம் கெட்ட கூட்டமா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

"என்னவே முழிக்கிய? பொண்டாட்டியப் போயி ஆள் கணக்குல யாராவது சேப்பாகளா?"

"அதானே!" என்றார் ரஹ்மத்துல்லா.

கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது.