இரண்டாவது வரி

கம்பத்துக் குளிர்கிடங்கின் சுவரில் வெப்பநிலை காட்டும் பச்சை எண் நான்கிலிருந்து ஐந்தாகிறது. குளிரூட்டும் மோட்டார் ஓடவில்லை. குழாய்களில் படிந்த பனி உருகிச் சொட்டுவது கேட்கிறது. உள்ளே ஆயிரம் பெட்டி பன்னீர் திராட்சை. மோட்டாரை இயக்கும் நிரலை அப்ரின் காலையில்தான் புதிதாக எழுதி ஏற்றினாள். இப்போது மடிக்கணினியில் முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கிறாள். “சரக்க வேற கிடங்குக்கு மாத்த லாரி அனுப்பவான்னு மொதலாளி கேக்குறாக,” என்கிறார் ஆபரேட்டர் பலவேசம், செல்போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு. அவள் அடுத்த வரிக்கு நகர்கிறாள். கல்லூரியில் பைத்தான் மொழியில் நிரல் எழுதிப் பழகிய கை. நிரல் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. ‘வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால்’ என்ற வரிக்கு அடியில் இரண்டு கட்டளைகள், ஒரே அளவு உள்ளே தள்ளி: சிவப்பு விளக்கை எரி, மோட்டாரை நிறுத்து. “செவப்பே எரியல, மோட்டார் மட்டும் எப்பிடி ஆத்தா நிக்கும்?” என்று எட்டிப் பார்க்கிறார் பலவேசம். அவள் விரல் இரண்டாவது வரியில் நின்றுவிடுகிறது. பைத்தானில் உள்ளே தள்ளி எழுதினாலே போதும், அந்த வரி நிபந்தனைக்குள் அடங்கிவிடும். இது சி மொழி. இங்கே அடைப்புக்குறி வேண்டும். இல்லையென்றால் முதல் கட்டளை மட்டும் நிபந்தனைக்குக் காத்திருக்கும், இரண்டாவது எப்போதும் நடக்கும். “காலையிலேருந்து நாந்தாண்ணே நிறுத்திக்கிட்டே இருக்கேன்.” இரண்டு அடைப்புக்குறிகளைப் போட்டு ஏற்றுகிறாள். மோட்டார் உறுமி, திணறி, பிடித்துக்கொள்கிறது. பச்சை எண் ஆறாகிறது. பலவேசம் போனைக் காதுக்குக் கொண்டுபோகிறார். “ஒரு நிமிசம், மொதலாளி.” ஆறு. இன்னும் ஆறுதான், ஏழாகவில்லை.