வெட்டுக்கிளியின் படம்

செடியில் இருந்த வெட்டுக்கிளியின் முகத்துக்கு நேரே ஒரு கேமரா நெருங்கி வந்தது. வெட்டுக்கிளி அவசரமாக மீசையைத் துடைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

கீழ் இலையிலிருந்து எறும்பு பதறியது. "அண்ணே, பின்னால பச்சோந்தி வருது! குதிச்சிருங்க!"

"சும்மா இருடா. அசைஞ்சா படம் கெட்டுடும்."

"ஐயோ, கிட்ட வந்திருச்சுண்ணே!"

"கேமராவும்தான் கிட்ட வருது. என் கண்ணை மட்டும் படம் எடுக்கப் போறாங்க போல."

"ஒரு தடவை திரும்பிப் பாருங்கண்ணே!"

"திரும்பினா படத்துல முகம் விழாதுடா."

கேமரா 'க்ளிக்' என்றது. அதன் பிறகு எறும்பு எத்தனை முறை கூப்பிட்டும் மேல் இலையிலிருந்து பதில் இல்லை.

படம் பிரமாதமாக வந்திருந்தது. வெட்டுக்கிளியின் கண்ணில் ஓடிய கோடுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. பார்த்தவர்களுக்கு அதைவிடப் பிடித்தது, பின்னால் மங்கலாகப் படர்ந்திருந்த அந்தப் பச்சை நிறம்தான்.